கணக்கேட்டில் எண்ணாக இருந்தவர்கள்: தோட்டத்து முன்னோரின் வாழ்வை வரலாற்றாசிரியர்கள் எப்படித் தேடுகிறார்கள்?

மலாயாவின் பால்மரத் தோட்டங்களைப் பற்றிப் பழைய ஆவணங்களில் தகவலுக்குப் பஞ்சமில்லை. எத்தனை ஏக்கரில் கன்று நடப்பட்டது, எந்த ஆண்டு ரப்பர் என்ன விலைக்குப் போனது, எந்தத் துரை எப்போது மாற்றலானார் என்பதெல்லாம் தேதி வாரியாகக் கிடைக்கும். அந்தக் கன்றுகளை நட்டவர்கள், விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டுப் பால் வெட்டப் போனவர்கள் என்ன நினைத்தார்கள், எதற்கு அஞ்சினார்கள், எதை விரும்பினார்கள் என்று தேடினால் ஏடுகள் மௌனமாகிவிடும்.

காரணம் எளிது. அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்த சிலர் ஊருக்குப் போட்ட கடிதங்களையும் யாரும் சேர்த்து வைக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதியவர்கள் கிராணியும் துரையும் தொழிலாளர் இலாகா அதிகாரியும் போலீஸ்காரரும்தான். அவர்கள் எழுதியதும் சம்பளம் கணக்கிட, ஆள் எண்ண, குற்றம் விசாரிக்க என்று அவரவர் வேலைக்காக.

ஆனாலும் கடந்த சில பத்தாண்டுகளில் இந்த மக்களின் வாழ்க்கை வரலாற்று நூல்களுக்குள் வந்திருக்கிறது. பெரும்பாலும் அதே பழைய கணக்கேடுகளும் கோப்புகளும்தான் அதற்கும் ஆதாரம். படிக்கும் முறைதான் மாறியது.

எழுதியவர் நோக்கம் வேறு, படிப்பவர் நோக்கம் வேறு

இந்தியாவில் பிறந்த வரலாற்றாசிரியர் ரணஜித் குஹா, பிரிட்டிஷ் ஆட்சிக்கால விவசாயிகளின் எழுச்சிகளை ஆராய்ந்தவர். அவரும் அவரைச் சார்ந்த ஆய்வாளர்களும் 1982 முதல் வெளியிட்ட தொகுதிகள், அடித்தட்டு மக்களின் வரலாற்றை எழுதும் முறையையே மாற்றின. குஹா எடுத்துக்கொண்ட கேள்வி இது: விவசாயி தன் கையால் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை, அவரை அடக்கிய அதிகாரியின் அறிக்கை மட்டும்தான் இருக்கிறது, அதைக் கொண்டு விவசாயியின் மனத்தை அறிய முடியுமா?

முடியும் என்பதே அவர் கண்ட விடை. அறிக்கை எழுதியவர் யாருக்கு அஞ்சினார், எந்தச் சொல்லால் யாரை ஏசினார், எதைத் திரும்பத் திரும்பச் சொன்னார் என்று கவனிக்க வேண்டும். “கலகக்காரர்கள் ஒன்றுகூடினர்” என்று அதிகாரி எழுதியிருந்தால், அங்கே மக்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. ஏச்சுச் சொல்லை ஒதுக்கிவிட்டால் உள்ளே ஒரு செய்தி இருக்கும். நம் தோட்டங்களின் வரலாற்றிலும் இந்த முறை நன்றாகவே பலன் தந்திருக்கிறது.

சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்கள்

1941-ஆம் ஆண்டு, மார்ச் முதல் மே வரை, சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணை நின்ற ஆர். எச். நாதன் மே மாதத் தொடக்கத்தில் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். கைதுக்குப் பிறகு போராட்டம் இன்னும் பரவியது. ராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அன்றைய அதிகாரிகள் பலர் இதை வெளியாள் தூண்டிவிட்ட தகராறாகவே பார்த்தார்கள். ஆனால் தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைப் பட்டியல் இன்றும் கிடைக்கிறது. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் அதில் உண்டு. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, வேலை செய்யும் பெண்களிடம் மேலதிகாரிகள் தகாத முறையில் நடப்பதைத் தடுப்பது, உறவினர் தோட்டத்துக்குள் வந்து பார்க்கும் உரிமை ஆகியவையும் உண்டு.

அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளில் ஏறிப் போக அனுமதி வேண்டும் என்பதே அது.

சம்பளத்தையும் பள்ளியையும் கேட்ட பட்டியலில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். எதிரே துரை வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அன்றைய தோட்ட வழக்கம். அது எவ்வளவு காலமாக, எத்தனை பேர் மனத்தில் முள்ளாகக் குத்தியிருந்தால் கோரிக்கையாக எழுதும் அளவுக்கு வந்திருக்கும்? சம்பள உயர்வு கேட்டதிலிருந்து அவர்களின் வறுமை தெரிகிறது. சைக்கிள் கோரிக்கையிலிருந்து அவர்கள் தங்களை எப்படிப்பட்ட மனிதர்களாக எண்ணத் தொடங்கியிருந்தார்கள் என்பது தெரிகிறது. பழங்கால மக்களின் மனப்போக்கு என்று வரலாற்றாசிரியர்கள் தேடுவது இதைத்தான். அது பெரும்பாலும் இப்படி ஒரு சின்ன வரியில்தான் ஒளிந்திருக்கும்.

வேலை செய்தும் ‘சார்ந்தவர்’ ஆன பெண்கள்

சஞ்சிக்கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்ட பிறகு, கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது பெருகியது. குடும்பத்தோடு வருவதும் அதிகமானது. மனைவி, அண்ணி, மாமியார் என்று பெண்களும் பிரட்டில் நின்றார்கள். பால் வெட்டினார்கள், புல் வெட்டினார்கள், கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வெளிக்காட்டு வேலைக்குப் போனார்கள்.

1920-களின் இறுதியில் முக்கியத் தோட்ட வட்டாரங்களுக்கு அரசாங்கம் நிர்ணயித்த நாள் சம்பளம் ஆண்களுக்கு 50 காசு, பெண்களுக்கு 40 காசு. சம்பளக் கணக்கில் தனித் தொழிலாளியாக இருந்த பெண், குடியேற்றம் பற்றிய அறிக்கைகளில் பல நேரம் ஆணைச் சார்ந்து வந்தவராகவே பேசப்பட்டார். அதனால் வரலாற்று நூல்களிலும் நீண்ட காலம் அவர் ஒரு துணைப் பாத்திரமாகவே இருந்தார்.

அருணிமா தத்தா என்ற வரலாற்றாசிரியர் இந்தப் பெண்களைப் பற்றியே எழுதிய ஆங்கில நூல் 2021-இல் வெளியானது. அவர் துருவிய ஆதாரங்களில் நீதிமன்ற வழக்குகளும் அதிகாரிகளின் கடிதங்களும் முக்கியமானவை. “என் மனைவியை இன்னொருவன் அழைத்துப் போய்விட்டான்” என்று கணவர்கள் கொடுத்த புகார்கள் அவற்றில் உண்டு. தோட்டப் பெண்களுக்கு ஒழுக்கம் குறைவு, அதனால்தான் லயங்களில் வெட்டும் குத்தும் நடக்கின்றன என்று அன்றைய அதிகாரிகள் எளிதாக எழுதிவிட்டார்கள்.

அதே கோப்புகளைத் தத்தா வேறு விதமாகப் படித்தார். ஓடிப்போனதாகச் சொல்லப்பட்ட பெண் யார்? எதை விட்டுப் போனார்? சாட்சிக் கூண்டில் என்ன சொன்னார்? இப்படிக் கேட்டபோது வேறொரு பெண் தெரிந்தார். கொடுமைக்காரக் கணவரை விட்டு விலகியவர், சட்டத்தைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்தப் பார்த்தவர், கிடைத்த குறுகிய இடத்துக்குள் தன் முடிவைத் தானே எடுத்தவர் என்று பலர் அந்தக் காகிதங்களில் இருக்கிறார்கள். எல்லாருமே வென்றவர்கள் அல்லர். அந்தச் சுதந்திரம் பலருக்குக் கொஞ்ச காலமே நீடித்தது என்பதையும் அந்த நூல் மறைக்கவில்லை.

சாவு விசாரணையில் கிடைத்த வாழ்க்கை

நகரத்து உழைப்பாளிகளின் கதை வெளிவந்த வழி இன்னும் வித்தியாசமானது. சிங்கப்பூரில் ரிக்‌ஷா இழுத்த சீனத் தொழிலாளர்களைப் பற்றி ஜேம்ஸ் பிரான்சிஸ் வாரன் எழுதிய நூல் 1986-இல் வந்தது. 1880 முதல் 1940 வரையிலான காலத்தைப் பேசும் அந்த நூலுக்கு முக்கிய ஆதாரமாக அமைந்தவை மரண விசாரணைப் பதிவேடுகள்.

ஒருவர் விபத்திலோ தற்கொலையிலோ கொலையிலோ இறந்தால் விசாரணை நடக்கும். உடன் தங்கியிருந்தவர், கடைக்காரர், வண்டி வாடகைக்கு விட்டவர் எல்லாரும் சாட்சி சொல்வார்கள். கடைசியாக எப்போது சாப்பிட்டார், யாருக்குக் கடன்பட்டிருந்தார், ஊருக்குப் பணம் அனுப்பினாரா, உடம்புக்கு என்ன, எதை எண்ணி வருந்தினார் என்பதெல்லாம் பதிவாகும். உயிரோடு இருந்தவரை யாரும் கேட்காத கேள்விகள் அவர் இறந்த பிறகு கேட்கப்பட்டன. ஒரு விசாரணையில் ஒரு மனிதர் தெரிகிறார். நூற்றுக்கணக்கான விசாரணைகளை அடுக்கி வைத்தால் ஒரு தொழிலின், ஒரு தெருவின் வாழ்க்கையே தெரிகிறது.

ஆனால் இதில் ஒரு ஆபத்தும் உண்டு. சண்டை, சாவு, குற்றம் நடந்த வீடுகளே நீதிமன்றத்துக்கு வருகின்றன. சண்டையில்லாமல் பிள்ளை வளர்த்த ஆயிரம் வீடுகள் அந்தக் கோப்புகளில் இல்லை. வழக்குகளை மட்டும் படித்துவிட்டு லயம் என்றாலே குடியும் வெட்டுக்குத்தும்தான் என்று முடிவு கட்டினால், அன்றைய அதிகாரி செய்த தவற்றையே இன்றைய ஆய்வாளரும் செய்வதாகிவிடும். அதனால்தான் ஒரு வகை ஆதாரத்தை இன்னொரு வகையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

தமிழ்ப் பத்திரிகைகளில் நம் குரல்

அப்படி ஒப்பிட உதவுபவற்றில் முதன்மையானவை தமிழ்ப் பத்திரிகைகள். சிங்கப்பூரில் 1887-இல் ‘சிங்கை நேசன்’ தொடங்கியது. கோலாலம்பூரில் 1924-இல் ‘தமிழ் நேசன்’ வந்தது. 1935-இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் பின்னணியில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார்.

தலைப்புச் செய்திகளைவிட வாசகர் கடிதங்கள், சங்கக் கூட்ட அறிவிப்புகள், திருமணச் செய்திகள், விளம்பரங்கள் ஆகியவற்றில்தான் வரலாற்றாசிரியர்களுக்கு அதிகம் கிடைக்கிறது. சீர்திருத்தத் திருமணத்தை எத்தனை பேர் வரவேற்றார்கள், கள்ளை ஒழிக்க வேண்டும் என்று யார் எழுதினார்கள், அதை மறுத்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. வரலாற்றாசிரியர் சுனில் அம்ரித், வங்கக் கடலைக் கடந்த தமிழர்களைப் பற்றிய தம் ஆய்வுகளுக்கு அக்காலத் தமிழ் இதழ்களையும் பயன்படுத்தியிருக்கிறார். தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் பாதுகாத்து வருகிறது.

இந்தப் பக்கங்களில் நமக்குப் பெருமை தருபவை மட்டும் இல்லை. கப்பலேறியவர்களோடு சாதியும் கப்பலேறி வந்தது. யார் எந்த லயத்தில் இருப்பது, யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது, கோயிலில் யார் எதுவரை போகலாம் என்ற தடைகள் இங்கும் இருந்தன. அவற்றை எதிர்த்துப் பேசியவர்களும் இருந்தார்கள். 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது அவரை ஆதரித்தும் எதிர்த்தும் குரல்கள் எழுந்தன. வெள்ளைக்காரத் துரை இழைத்த அநீதியைச் சொல்ல நாம் தயங்குவதில்லை. நமக்கு நாமே இழைத்துக்கொண்டதைச் சொல்லத் தயங்குகிறோம். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

பெயர்ப்பட்டியல் இல்லாத சாவுகள்

எந்த ஏட்டிலும் போதிய பதிவில்லாத பெருந்துயரம் ஒன்று உண்டு. ஜப்பானியர் காலத்தில், 1942-க்கும் 1943-க்கும் இடையில், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ரயில் பாதை போடப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அதைவிடப் பல மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து மட்டும் பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள்.

போர்க்கைதிகளுக்கு ராணுவப் பதிவு இருந்தது. முகாமிலும் தங்களுக்குள் பட்டியல் வைத்திருந்தார்கள். போர் முடிந்ததும் அவர்களின் கல்லறைகளைத் தேடி அடையாளம் கண்டார்கள். காஞ்சனபுரியில் இன்று ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாகப் பராமரிக்கப்படுகின்றன. நம் ஆட்களுக்கோ அப்படிப்பட்ட பட்டியல் இல்லை. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதற்கு மதிப்பீடுகளே உள்ளன.

இங்கேதான் வாய்மொழி வரலாறு முக்கியமாகிறது. திரும்பி வந்தவர்களும், திரும்பாதவர்களின் மனைவி மக்களும் சொன்ன நினைவுகளே பல இடங்களில் ஆதாரம். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவல் அந்தத் துயரத்தைத் தமிழ் வாசகர்களிடம் கொண்டு சேர்த்தது. சிங்கப்பூரில் 1979-இல் அரசாங்கமே வாய்மொழி வரலாற்றுக்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. 1981 முதல் ஜப்பானியர் காலத்தைப் பற்றிய பேட்டிகளையும் அது ஒலிப்பதிவு செய்தது.

நினைவு தவறினாலும் அதற்கும் பொருள் உண்டு

“வயதானவர் சொல்வதை எப்படி நம்புவது? ஆண்டை மாற்றிச் சொல்வார், கேள்விப்பட்டதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்வார்” என்ற ஐயம் நியாயமானதே. அதற்கு இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வு நல்ல பதில் தருகிறது.

டெர்னி என்பது இரும்பாலைத் தொழிலாளர்கள் நிறைந்த ஊர். 1949-இல் அங்கே நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்தில் லூய்ஜி திரஸ்துல்லி என்ற இளம் தொழிலாளி போலீசாரால் கொல்லப்பட்டார். நேட்டோ ராணுவக் கூட்டணியில் இத்தாலி சேர்வதை எதிர்த்து நடந்த ஆர்ப்பாட்டம் அது. பல ஆண்டுகள் கழித்து அலெசாந்திரோ போர்த்தெல்லி என்ற ஆய்வாளர் ஊராரைப் பேட்டி கண்டார். பலர் அந்தச் சாவு 1953-இல் நடந்தது என்றார்கள். ஆலையில் பெருமளவில் ஆட்குறைப்பு நடந்து, மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய ஆண்டு அது.

தேதி தவறு என்று போர்த்தெல்லி அதை ஒதுக்கிவிடவில்லை. ஏன் எல்லாரும் ஒரே மாதிரி தவறுகிறார்கள் என்று கேட்டார். நண்பன் ஒருவன் வீணாகச் செத்தான் என்பதை ஊர் மனம் ஏற்கவில்லை. தங்கள் வாழ்வின் மிகப் பெரிய போராட்டத்தோடு அந்தச் சாவை இணைத்து, அதற்கு ஒரு பொருள் கொடுத்துவிட்டது. சம்பவம் எப்போது நடந்தது என்பதை ஏட்டிலிருந்து அறியலாம். அது மக்களுக்கு என்னவாக இருந்தது என்பதை அந்தத் தவறிய நினைவுதான் காட்டியது.

நம் பாட்டிமார் சொல்லும் கதைகளையும் இப்படியே கேட்கலாம். ஆண்டையும் ஊரையும் ஆவணத்தோடு சரிபார்க்க வேண்டும். அவர் எதை அழுத்திச் சொன்னார், எந்த இடத்தில் பேச்சை நிறுத்தினார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். தாலாட்டும் ஒப்பாரியும் நாற்று நடவுப் பாட்டும் தோட்டத்தில் புதுச் சொற்களை ஏற்றுக்கொண்டது எப்படி என்று பார்ப்பதும் இதே வகைதான். கங்காணியின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பாட்டில் வைத்துச் சொல்லிவிடலாம்.

வீட்டு அலமாரியும் ஓர் ஆவணக் காப்பகம்

கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள தேசிய ஆவணக் காப்பகங்கள், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகம் ஆகியவற்றில் இருப்பவை பெரும்பாலும் ஆண்டவர்கள் எழுதியவை. ஆளப்பட்டவர்களின் தாள்கள் இருப்பது வீடுகளில்தான். பழைய கடப்பிதழ், கப்பல் சீட்டு, பிறப்புப் பத்திரம், சிவப்பு அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, கோயில் திருவிழாக் கணக்கு, தமிழ்ப்பள்ளித் தேர்ச்சி அறிக்கை, திருமண அழைப்பிதழ் எல்லாம் அதில் சேரும்.

1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் வீடமைப்புக்காகவும் செம்பனைக்காகவும் மாற்றப்பட்டபோதும், லயங்களோடு இப்படிப்பட்ட தாள்களும் சிதறின. அவசரமாக வீடு காலி செய்பவர் அரிசிப் பானையைத் தூக்குவார். பழைய காகிதத்தைத் தேட நேரம் இருக்காது. எஞ்சியவற்றைக் காக்கக் குடும்பங்களே செய்யக்கூடியவை சில:

• பழைய புகைப்படத்தில் இருப்பவர்களின் பெயர், உறவு, தோட்டத்தின் பெயர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதை மென்மையான பென்சிலால் பின்புறம் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.

• பழைய பத்திரங்களுக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டி லேமினேட் செய்ய வேண்டாம். பிறகு பிரிக்க முடியாது, தாளும் கெடும். படம் எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தைக் காய்ந்த இடத்தில் தனி உறையில் வையுங்கள்.

• பெரியவர்களிடம் “அந்தக் காலம் எப்படி இருந்தது?” என்று பொதுவாகக் கேட்டால் “கஷ்டம்தான்” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். “காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? முதலில் என்ன சாப்பிட்டீர்கள்? எந்தக் கிராணி பெயர் வாசிப்பார்? பக்கத்து லயத்தில் யார் இருந்தார்கள்?” என்று கேளுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டால் பேச்சு தானாக வரும்.

• கைத்தொலைபேசியில் பதிவு செய்யும் முன் அவர் சம்மதத்தைக் கேளுங்கள். தொடக்கத்திலேயே தேதியையும் அவர் பெயரையும் சொல்லிவிடுங்கள். சொல்ல விரும்பாததை வற்புறுத்த வேண்டாம்.

• ஆவணங்களில் தேடும்போது ஒரே பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். காதில் விழுந்தபடி கிராணி எழுதியதால் அண்ணனும் தம்பியும்கூட ஏட்டில் வெவ்வேறு விதமாக இருக்கலாம்.

• கோயில், பள்ளி, சங்கம் ஆகியவற்றின் பழைய பதிவேடுகளைக் குப்பைக்கு அனுப்பும் முன், ஆவணக் காப்பகத்தையோ பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையையோ கேட்டுப் பாருங்கள்.

இவை எதற்கும் பட்டம் தேவையில்லை. ஒரு மாலை நேரமும் பொறுமையும் போதும். காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் பத்து ஆண்டு கழித்தும் படிக்கலாம். நினைவு அப்படிக் காத்திருக்காது. கிள்ளான் வேலைநிறுத்தத்தின்போது பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்கார்ந்து கேளுங்கள்.